102 பேரின் இரத்தமும் ஒரு பிள்ளையின் நோயும்

கடந்த மாசி மாதம் ஒரு நாள் நடுச்சாமத்தில் லண்டனிலிருந்து தங்கை அழைத்தாள். அவளுடைய மகனுக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது கழுத்து நிற்கவே நாளெடுத்தது. நடக்கத் தொடங்கியது மூன்று வயதுக்குப் பிறகு. இன்றைக்கும் கைபிடி இல்லாமல் படியேற மாட்டான். படிப்பில் கெட்டிக்காரன்; தசைகளில்தான் ஏதோ கோளாறு. என்ன கோளாறு என்று ஐந்து வருடங்களாக எந்த வைத்தியராலும் சொல்ல முடியவில்லை.

"அண்ணை, ரிப்போட் வந்திட்டுது. ஏழு மாசம் பாத்துக்கொண்டிருந்தது. இப்ப வாசிச்சா, 'ஒண்டு இருக்கு, ஆனா அதுதானோ எண்டு தெரியாது' எண்டமாதிரி எழுதியிருக்கினம். இதுக்கே இவ்வளவு நாள்?"

நான் 31 வருடங்கள் அரசாங்க வைத்தியசாலைகளின் ஆய்வுகூடங்களில் எம்.எல்.ரி.யாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இரத்தமும் சளியும் சிறுநீரும் பார்த்தே காலம் போனது. மரபணுப் பரிசோதனை அறிக்கை ஒன்றை முழுமையாக வாசித்தது அன்றிரவுதான். (நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'பரம்பரையலகு' என்று படித்தோம். இப்போது பத்திரிகைகளில் மரபணு என்ற சொல்தான் நிலைத்துவிட்டது. இங்கேயும் அதையே எழுதுகிறேன்.) வட்ஸ்அப்பில் வந்த நான்கு பக்கங்களில் முக்கியமான வரி ஒன்றுதான். தசை நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில், தாயிடமிருந்து வந்த பிரதியிலும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியிலும் ஒரே மாற்றம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில்: "முக்கியத்துவம் நிச்சயமற்றது." அந்த மரபணுவின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அது பிள்ளையின் விபரம்.

தங்கைக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. இரத்தம் எடுப்பதற்கு முன்னர் நடந்த நேர்காணலில், எந்த நாடு, எந்த இனம், பேரன் பேத்தி எல்லோரும் அங்கேதானா, நீங்கள் இருவரும் கலியாணத்துக்கு முன்பே உறவா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். "மச்சான் மச்சாள்தான் எண்டு சொன்னவுடனை ஒரு மாதிரிப் பாத்தவை" என்றாள். அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை விளங்கப்படுத்தப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

மாற்றம் என்றால் என்ன?

மனிதருடைய மரபணுத்தொகுதியை ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்களில் எழுதப்பட்ட ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரிடமும் அதன் இரண்டு பிரதிகள். தராதரப் பிரதி என்று உலகம் வைத்திருக்கும் ஒன்றோடு உங்களுடையதையோ என்னுடையதையோ ஒப்பிட்டால் 40 இலட்சம் முதல் 50 இலட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும். எழுத்துப் பிழை என்று அவற்றைச் சொல்வது தவறு. பெரும்பாலானவை ஒரு கேடும் செய்யாதவை. யாழ்ப்பாணத்தில் ஒரு சொல்லை ஒரு விதமாகவும் மட்டக்களப்பில் வேறு விதமாகவும் சொல்வது போல.

ஆகவே நோயாளி ஒருவரின் மரபணுத்தொகுதியை வாசிப்பது இன்று பெரிய வேலையல்ல, இயந்திரம் செய்துவிடும். அந்த 40 இலட்சத்துக்குள் நோயைக் கொண்டுவந்த ஒன்றையோ இரண்டையோ கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு ஆய்வுகூடக்காரர் கேட்கும் முதற் கேள்வி மிகவும் எளிமையானது: இந்த மாற்றம் சுகமாக இருக்கிற ஆட்களிடமும் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் தாராளமாக இருக்கிறது என்றால், அபூர்வமான, கடுமையான நோய் ஒன்றுக்கு அது காரணமாக இருக்க முடியாது. உலகம் முழுவதும் ஆய்வுகூடங்கள் பின்பற்றுகிற, 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியில் இது எழுத்திலேயே இருக்கிறது. மாற்றங்களை அது ஐந்து வகையாகப் பிரிக்கிறது. ஒரு முனையில் நோய் உண்டாக்குவது, மறுமுனையில் தீங்கற்றது, நடுவில் நிச்சயமற்றது. பொதுமக்களிடையே 5 வீதத்துக்கு மேல் காணப்படுகிற ஒன்று, வேறு சாட்சி தேவையில்லாமலே தீங்கற்றது என்று தள்ளப்படும். சுகதேகிகள் எவரிடமும் காணப்படாத ஒன்று சந்தேகநபர் பட்டியலில் மேலே போகும்.

இங்கேதான் 'பொதுமக்கள்' என்ற சொல் சிக்கலாகிறது. எந்த மக்கள்?

எங்களுக்கென்று ஒரு வரி

அடுத்த நாள் காலை நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். மரபணு மாற்றங்கள் எந்தெந்த மக்களிடையே எவ்வளவு காணப்படுகின்றன என்பதைக் காட்டும் தரவுத்தளங்களில் பல, காசு வாங்காமல் யாருக்கும் திறந்திருப்பவை. கடவுச்சொல்கூட வேண்டாம். அறிக்கையிலிருந்த இலக்கத்தை அடித்தேன். நாடு நாடாக, இனம் இனமாக ஒரு பட்டியல் வந்தது. அதிலே ஒரு வரி: 'இலங்கைத் தமிழர், ஐக்கிய இராச்சியம்.' சுருக்கமாக எஸ்.ரி.யு.

எத்தனையோ பட்டியல்களில் எங்கள் பெயரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றில் இருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை.

'ஆயிரம் மரபணுத்தொகுதிகள் திட்டம்' 2008இல் தொடங்கியது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களும் பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளையும் வேறு நாடுகளின் நிதியங்களும் அதற்குப் பணம் கொடுத்தன. 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவுகளோடு 2015 ஒக்ரோபரில் 'நேச்சர்' சஞ்சிகையில் அதன் இறுதி அறிக்கை வந்தது. தெற்காசியாவுக்காக ஐந்து குழுக்கள்: ஹூஸ்ரனில் வாழும் குஜராத்திகள், லாகூரின் பஞ்சாபிகள், பங்களாதேஷின் வங்காளிகள், பிரித்தானியாவில் வாழும் தெலுங்கர்கள், பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்கள். மொத்தம் 489 பேர். அதில் எங்கள் ஆட்கள் 102 பேர்.

அந்த 102 பேர் யார் என்று எவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. வயதுவந்தவர்கள், தங்களைச் சுகதேகிகள் என்று சொன்னவர்கள், தங்களை இலங்கைத் தமிழர் என்று அடையாளப்படுத்தியவர்கள். பெயரோ நோய் விபரமோ சேகரிக்கப்படவில்லை. அவர்களுடைய இரத்தத்திலிருந்து வளர்க்கப்பட்ட கலங்கள் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள கோரியல் நிறுவனத்தில் உறைநிலையில் இருக்கின்றன. இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் ஒருவரோ அவருடைய மாமியோ அந்த 102 பேரில் ஒருவராக இருக்கவும் கூடும். ஒரு ஊசிக் குத்தோடு போன விடயம் என்று அவர் எப்போதோ மறந்திருப்பார். இன்று உலகின் ஏதோ ஒரு மூலையில் எங்கள் பிள்ளை ஒன்றின் அறிக்கையை எழுதுகிற ஆய்வுகூடக்காரர், "இது உங்கள் ஆட்களிடையே சாதாரணமா?" என்று அவரிடம்தான் கேட்கிறார்.

மருமகனின் மாற்றத்துக்கு எதிரே அந்த வரியில் இருந்த எண்: 204இல் 0. 102 பேர், ஆளுக்கு இரண்டு பிரதிகள், ஆக 204. ஒன்றிலும் இல்லை.

பூச்சியத்தின் பெறுமதி

முதலில் எனக்கு, அப்படியானால் இதுதான் காரணம் என்று தோன்றியது. சுகதேகிகள் ஒருவரிடமும் இல்லாத மாற்றம் நோயாளியிடம் இரண்டு பிரதிகளிலும் இருக்கிறதே. பிறகு கல்குலேற்றரை எடுத்தேன்.

எங்கள் ஆட்களில் 50 பேருக்கு ஒருவர் சுமக்கிற மாற்றம் என்றால், 102 பேரில் ஒருவரிடமாவது அது தென்படுவதற்கான வாய்ப்பு 87 வீதம். நல்ல வலைதான். ஆனால் 500 பேருக்கு ஒருவர் சுமக்கிற மாற்றம் என்றால், அந்த 102 பேரில் ஒருவரிடமும் தென்படாமல் போவதற்கான வாய்ப்பு 81 வீதத்துக்கும் மேல். அதாவது 204இல் 0 என்பதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, இது மிக அபூர்வமானது. மற்றது, எங்களில் போதுமான பேரைப் பார்க்கவில்லை. எந்த அர்த்தம் என்று அந்தப் பூச்சியம் சொல்லாது.

அபூர்வமான நோய்கள் எந்த அளவுக்கு அபூர்வம் என்பதையும் பார்க்கவேண்டும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வருகிற நோய் ஒன்றை 500 பேருக்கு ஒருவர் சுமந்தால், உறவில்லாத பெற்றோருக்கு அந்த நோயோடு பிள்ளை பிறப்பது பத்து இலட்சத்தில் ஒன்றுதான். மச்சானும் மச்சாளும் முடித்தால் கணக்கு மாறும். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து இருவருக்கும் அதே பழுதான பிரதி வந்திருக்கலாம். அவர்களுடைய பிள்ளையின் மரபணுத்தொகுதியில் சராசரியாக 16இல் ஒரு பங்கு, இரு பக்கத்தாலும் அதே ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேர்ந்ததாக இருக்கும். நேர்காணலில் கேட்டது இதற்காகத்தான். எங்கே தேடவேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கிறது. தங்கை பயப்பட்டது போல இது குற்றப்பத்திரிகை அல்ல. பிரித்தானியாவின் பிரட்போர்ட் நகரில் பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பங்கள் பெருமளவில் பங்குகொண்ட ஆய்வு ஒன்று 2013இல் 'லான்செட்' சஞ்சிகையில் வந்தது. நெருங்கிய உறவில் முடித்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படும் ஆபத்து ஏறக்குறைய 3 வீதத்திலிருந்து 6 வீதமாகிறது என்பது அதன் முடிவு. இரண்டு மடங்கு என்பது உண்மை. 94 வீதமான பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வைத்தியரில் எனக்கு நம்பிக்கையில்லை.

102 பேர் போதாது என்றால் பெரிய தரவுத்தளங்களுக்குப் போகலாம்தானே? போனேன். இன்று ஆய்வுகூடங்கள் அதிகம் நம்பியிருப்பது அமெரிக்காவின் புரோட் நிறுவனம் நடத்தும் 'நோமாட்' என்ற தரவுத்தளத்தை. 2023 இறுதியில் வந்த அதன் நான்காம் பதிப்பில் 8 இலட்சத்து 7 ஆயிரம் பேர். அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஐரோப்பிய வம்சாவளியினர். தெற்காசியர் என்ற தலைப்பின் கீழ் சுமார் 45 ஆயிரம் பேர். காபூலிலிருந்து கல்முனை வரை எல்லோரும் அந்த ஒரே தலைப்பின் கீழ். உலக மக்களில் நாலிலொருவர் தெற்காசியர் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கேயும் மருமகனின் மாற்றத்துக்குப் பூச்சியம்தான்.

ஆட்கள் குறைந்தால் தவறு இரண்டு பக்கத்தாலும் வரும். காரணமானதைக் காரணம் என்று சொல்லத் துணிவில்லாமல் போவது ஒன்று. தங்கையின் வீட்டில் நடந்தது அது. ஒன்றுமில்லாததை நோய் என்று சொல்லிவிடுவது இன்னொன்று. அமெரிக்காவில் இரண்டாவது நடந்தது. இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய்க்குக் காரணம் என்று சில மாற்றங்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலை வைத்து நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் அறிக்கைகள் போயின. பின்னர் பார்த்தால், அவற்றில் சில கறுப்பின அமெரிக்கர்களிடையே வெகு சாதாரணமானவை, தீங்கற்றவை. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2016இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை'யில் இதை எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஆரம்ப ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்களில் கறுப்பினத்தவர்கள் கொஞ்சப் பேர் இருந்திருந்தாலே இந்தத் தவறுகள் பெரும்பாலும் நடந்திருக்காது என்று கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கொஞ்சப் பேர். 102 பேர் எவ்வளவு குறைவு என்று சலித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த 102 பேரும் இல்லாமலிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. இதயத் தசையோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்ட மாற்றம் ஒன்று, இந்தியத் துணைக்கண்டத்தில் 100 பேரில் 4 பேர் அளவில் காணப்படுகிறது. ஐரோப்பியர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. இந்திய அரசின் நிதியில் இயங்கும் ஹைதராபாத்தின் கல, மூலக்கூற்று உயிரியல் நிலையத்தைச் சேர்ந்தவர்களும் வேறு ஆய்வாளர்களும் 2009இல் இதை வெளியிட்டு, இதய நோயோடு தொடர்பிருப்பதாகக் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகள், அந்த விடுபடல் மட்டும் அல்ல, அதோடு சேர்ந்து சிலரிடம் வருகிற இன்னொரு மாற்றம்தான் பெரிய பங்கு வகிக்கிறது என்று திருத்தின. 4 வீதம் என்றால் கோடிக்கணக்கான ஆட்கள். இவ்வளவு பேரையும் நோயாளி ஆக்குவதா விடுவதா என்ற கேள்விக்கான பதிலை, ஐரோப்பியரின் தரவை வைத்து எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

யாருடைய காசு, யாருடைய தரவு

இந்த ஆராய்ச்சிகளில் பொதுப்பணம் இல்லாமலிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை; நடக்கவே பார்த்தது. மனித மரபணுத்தொகுதியை முதன்முதலில் வாசித்த சர்வதேசத் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் நிறைவு கண்டது. இடையில் கிரெய்க் வென்ரரின் செலேரா என்ற தனியார் கம்பனி போட்டிக்கு வந்தது. தரவுகளைச் சந்தாவுக்கு விற்பது அதன் திட்டம். பொதுத்துறைப் பக்கத்திலோ, ஜோன் சல்ஸ்ரன் போன்றவர்கள் 1996இல் பேர்முடாவில் கூடி, வாசித்த எழுத்துக்களை 24 மணித்தியாலத்துக்குள் பொதுவெளியில் போட்டுவிடுவது என்று உடன்பட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற எம்.எல்.ரி. ஒருவன் ஒரு சதம் கட்டாமல் மருமகனின் மாற்றத்தைத் தேடிப் பார்க்க முடிந்ததற்கு, அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவுதான் ஆரம்பம்.

தங்கையின் குடும்பத்துக்குக் கிடைத்த பரிசோதனையும் வரிப்பணத்தில் வந்ததுதான். பிரித்தானியப் பிரதமராக இருந்த டேவிட் கமரூன் 2012 டிசம்பரில் ஒரு இலட்சம் மரபணுத்தொகுதிகள் திட்டத்தை அறிவித்தார். சுகாதாரத் திணைக்களத்துக்குச் சொந்தமான 'ஜினோமிக்ஸ் இங்கிலாந்து' என்ற நிறுவனம் அடுத்த வருடம் உருவானது. 2018 டிசம்பரில் இலட்சமாவது தொகுதி வாசிக்கப்பட்டது. அபூர்வ நோய்களுக்கான முன்னோடிக் கட்டத்தின் பெறுபேறு 2021இல் வெளிவந்தது: 2,183 குடும்பங்களைச் சேர்ந்த 4,660 பேர், நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு நோய் இன்னதென்று தெரிந்தது. அந்த அறிக்கையில் பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் கதை வருகிறது. ஏழு வருடம், 307 தடவை வைத்தியசாலை, செலவு 3 இலட்சத்து 56 ஆயிரம் பவுண். காரணமான மரபணு தெரிந்த பிறகு எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். அதற்குச் செலவு 70 ஆயிரம் பவுண். சுகாதார அமைச்சுக்களின் கணக்காளர்களுக்குக் காட்டவேண்டிய பந்தி இது.

நான்கில் ஒருவருக்குத் தெரிந்தது என்றால் மற்ற மூவர்? அவர்களுடைய தரவு எறியப்படவில்லை. பெயர் நீக்கப்பட்டு, வெளியே எடுத்துச்செல்ல முடியாத ஒரு பூட்டிய தரவகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் உள்ளே போய்த்தான் பார்க்கவேண்டும். அப்படித் திரும்பத் தேடியபோது 2024இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே மரபணுவில் போய் நின்றன. 141 எழுத்துக்கள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய மரபணு. புரதம் எதையும் உண்டாக்காத வகை என்பதால் வழக்கமான பரிசோதனைகள் அந்தப் பக்கமே போவதில்லை. மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களில் ஆயிரத்துக்கு நான்கு பேர் அளவில் அதுதான் காரணம் என்று தெரிந்தது. பல வருடங்களுக்கு முன்னர் இரத்தம் கொடுத்து, "ஒன்றும் தெரியவில்லை" என்று கடிதம் பெற்ற குடும்பங்களுக்கு, மறுபடியும் ஒரு துளி இரத்தம் எடுக்காமலே பதில் போனது. 'நிச்சயமற்றது' என்ற சொல்லுக்கு 'இன்றைக்கு' என்ற சொல்லையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்று தங்கைக்குச் சொன்னேன்.

இங்கே என்ன?

எங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதமளவில். இந்தியா தன்னுடைய அரச உயிர்த் தொழில்நுட்பத் திணைக்களத்தின் மூலம் 10 ஆயிரம் பேரின் தரவைத் திரட்டி 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகு 1980களிலிருந்து வேலை செய்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், அறிவு இருக்கிறது. அந்த அளவுக்குக் காசுதான் இல்லை.

ஆனால் காசு குறைந்த இடத்திலும் என்ன செய்யலாம் என்பதற்குத் தலசீமியா சாட்சி. 1990களில் ஒக்ஸ்போர்டின் டேவிட் வெதராலும் குருநாகல், ராகமை வைத்தியர்களும் சேர்ந்து இங்குள்ள நோயாளிகளைப் படித்தார்கள். எங்கள் நாட்டில் 'ஹீமோகுளோபின் ஈ' என்ற மாற்றத்தோடு சேர்ந்து வருகிற ஒரு வகை நிறைய இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடுகிறது. அதே மரபணு மாற்றத்தோடு ஒருவர் மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறார். இன்னொருவர் ஏற்றாமலே வளர்ந்து வேலைக்குப் போகிறார். தொடர்ந்து இரத்தம் ஏற்றப்பட்டுவந்த சிலருக்கு அதை நிறுத்தியும் பாதகம் வரவில்லை. இந்த நோயாளிகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்ததால் மட்டுமே தெரிந்த விடயம் இது. தேவையில்லாமல் ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தமும் உடலில் இரும்பைச் சேர்க்கும். அந்த இரும்பை எடுக்க வேறு மருந்து. ஆய்வுகூடத்தில் அந்தப் பிள்ளைகளின் இரத்தத்தை வருடக்கணக்காகப் பார்த்தவன் என்ற முறையில், ஒரு ஊசியைக் குறைத்த ஆராய்ச்சி என்று அதை நான் மதிக்கிறேன்.

எங்கள் ஆட்களில் இன்னும் ஆயிரம் பேரின் தரவு சேர்ந்தால் எவ்வளவோ அறிக்கைகள் தெளிவாகும். 'இலங்கைத் தமிழர்' என்ற ஒரே வரிக்குள் வடக்கும் கிழக்கும் மலையகமும் ஒன்றாகிவிடாமல் பார்க்கவும் முடியும். ஆனால் கொடுப்பார்களா? எங்கள் பக்கத்தில் 'பதிவு' என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுக்குள் ஒரு அமைதி வரும். மரபணு என்றால் பலருக்கு நோய் ஞாபகத்துக்கு வருவதில்லை. மன்னாரும் செம்மணியும்தான் வரும். இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட நான் தயாரில்லை.

பயத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. 2013இல் ஓர் ஆய்வுக் குழு, ஆயிரம் மரபணுத்தொகுதிகள் திட்டத்தில் பெயரில்லாமல் இருந்த சில அமெரிக்கர்களை, இணையத்திலிருந்த வம்சாவளி விபரங்களோடு ஒப்பிட்டு ஆளையே கண்டுபிடித்துக் காட்டியது. எச்சரிக்கைக்காகச் செய்தார்கள், எச்சரிக்கை நியாயமானது. காசு கொடுத்து உமிழ்நீர் அனுப்புகிற தனியார் கம்பனிகளின் நிலை இன்னும் மோசம். அவற்றில் பிரபலமான '23அன்ட்மீ'யிடமிருந்து 2023இல் 69 இலட்சம் பேரின் விபரம் கசிந்தது. 2025 மார்ச்சில் கம்பனியே வங்குரோத்துக்கு விண்ணப்பித்தபோது, வாடிக்கையாளரின் மரபணுத் தரவும் சொத்துப் பட்டியலில் இருந்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. சட்டம் எழுத்தில் இருப்பதும் பொலிஸாரோ படையினரோ கேட்டால் தரவகத்தின் கதவு பூட்டியே இருப்பதும் வேறு வேறு. அந்த உத்தரவாதம் கிடைக்கும்வரை, உள்ளூரில் ஒருவரிடம் போய் இரத்தம் தாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன். கிடைத்தால், முதல் ஆளாகக் கையை நீட்டுவேன்.

தங்கைக்கு முன்னால் இதே கேள்வி ஒரு கடதாசியாக வந்து கிடந்தது. மகனின் தரவை ஆராய்ச்சிக்கான அந்தப் பூட்டிய தரவகத்தில் சேர்க்கச் சம்மதமா என்ற படிவம். பரிசோதனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாட்டேன் என்றாலும் வைத்தியம் தொடரும். இரண்டு கிழமை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தாள். "நாங்கள் குடுத்தா எங்கட பிள்ளைக்கு என்ன லாபம் அண்ணை?" என்று கேட்டாள். ஒருவேளை ஒன்றுமில்லை என்றேன். இதே மாற்றத்தோடு ரொறன்ரோவிலோ வவுனியாவிலோ இன்னொரு பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளைக்கும் இதே தசைக் குறைபாடு என்று தெரியவந்தால், இரண்டு குடும்பத்துக்கும் ஒரே நாளில் பதில் கிடைக்கலாம் என்றும் சொன்னேன். ஒரு குடும்பம் மட்டும் இருக்கும்வரை அது தற்செயல் என்பார்கள். இரண்டாவது குடும்பம் வந்தால்தான் அது சாட்சி.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். மூத்த மகளின் இரத்தத்தையும் பார்த்தார்கள். அவளிடம் அந்த மாற்றம் ஒரு பிரதியில் மட்டும் இருக்கிறது, அவள் நன்றாக ஓடி விளையாடுகிறாள். கணக்குப் பொருந்துகிறது, ஆனால் அது மட்டும் போதாது என்கிறார்கள். அடுத்ததாக மருமகனின் தொடைத் தசையில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். அறிக்கையை மீள்பரிசீலனை செய்யும் திகதி அடுத்த வருடம் மாசியில்.